வி-8 தவிர அமெரிக்காவில் வேறு இன்ஜினே இல்லையா? பழைய கார்களின் ஆறு சிலிண்டர் வரலாறு

#1 நெடுஞ்சாலைராஜா

பழைய அமெரிக்கக் கார் என்று யார் இழை தொடங்கினாலும் மூன்றாவது பதிவுக்குள் பேச்சு வி-8 பக்கம் போய்விடுகிறது. வி-8 என்றால் V எழுத்து போல இரண்டு வரிசையில் எட்டு சிலிண்டர். அதன் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 1929 முதல் 1954 மாடல் வரை, கால் நூற்றாண்டு முழுக்க, செவர்லே கார் வாங்கிய அத்தனை பேருக்கும் கிடைத்தது ஆறு சிலிண்டர் இன்ஜின் மட்டும்தான். வி-8 வேண்டுமென்றால் வேறு கம்பெனிக்குப் போக வேண்டும். அந்த வருடங்களில் பெரும்பாலும் அமெரிக்காவிலேயே அதிகம் விற்ற கார் செவர்லே. ஆசிரியர், விவசாயி, தபால்காரர் என்று சாதாரண மக்கள் ஓட்டியது இந்த இன்ஜினைத்தான்.

அந்தக் கதையை இங்கே ஒரே இடத்தில் சேர்க்க ஆசை. எந்த ஆறு சிலிண்டர் உங்களுக்குப் பிடிக்கும் என்பதோடு, ஏன் என்பதையும் எழுதுங்கள். பெயர்ப் பட்டியல் மட்டும் போட்டால் பயன் இல்லை.

#2 கிராங்க்கேஸ்

அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன், ராஜா.

நாலு சிலிண்டர் இன்ஜினில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வரும். பார்க்கச் சமமாகத் தெரிந்தாலும் சமம் இல்லை. பிஸ்டனைக் கிராங்க்கோடு, அதாவது சுழலும் தண்டோடு, இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்வதால், பிஸ்டன் சுற்றின் மேல் பாதியில் வேகமாகவும் கீழ் பாதியில் மெதுவாகவும் நகரும். அந்த வித்தியாசம் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை வண்டியை உதறும். ஆறு சிலிண்டரை ஒரே வரிசையில் வைத்து, கிராங்க்கை 120 டிகிரி இடைவெளியில் அமைத்தால் இந்த உதறல் முழுவதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். உதறலை அடக்கத் தனியாகப் போடும் பேலன்ஸ் ஷாஃப்ட் எதுவும் தேவையில்லை. வி-6 எதற்கும் இந்தக் கொடுப்பினை கிடையாது.

இதற்கு ஒரு விலை உண்டு. கிராங்க் நீளமாகிவிடும். ஆறு பிஸ்டன் மாறி மாறி அடிக்க, ஈரத்துணியைப் பிழிவது போல அது முறுக்கிக்கொள்ளும். குறிப்பிட்ட வேகத்தில் அந்த முறுக்கல் ஒத்ததிர்வுக்குப் போனால் கிராங்க் உடைந்தேவிடும். ஆரம்ப காலத்து ஆறு சிலிண்டர்களுக்குக் கெட்ட பெயர் வந்தது இதனால்தான். 1906-இல் ஃபோர்டு ஆறு சிலிண்டரோடு மாடல் கே என்ற பெரிய காரை விற்றது. ஹென்றி ஃபோர்டுக்கு அந்த வண்டியே பிடிக்கவில்லை. அது 1908-இல் நின்றது. அதற்குப் பிறகு ஃபோர்டு காரில் அடுத்த ஆறு சிலிண்டர் வர 1941 ஆனது.

பணக்காரர்களுக்கு மட்டும் நிலைமை வேறு. பியர்ஸ்-ஆரோ 66 என்று ஒரு கார். அதன் இன்ஜின் 13.5 லிட்டர். ஒரு சிலிண்டர் மட்டுமே 2.2 லிட்டருக்கு மேல்! மெதுவாகச் சுற்றும் ராட்சத இன்ஜின், அதனால் முறுக்கல் பிரச்சினை ஓரளவு அடங்கியிருந்தது.

உண்மையான திருப்பம் 1916-இல் வந்த ஹட்சன் சூப்பர் சிக்ஸ். கிராங்க்கிலேயே எதிர் எடைகள் வைத்துச் சமன்படுத்தினார்கள். 4.7 லிட்டரில் 76 குதிரைத்திறன். அன்றைக்கு அது பெரிய எண். ஆறு சிலிண்டரை வேகமாகவும் ஓட்டலாம் என்ற நம்பிக்கை அங்கேதான் பிறந்தது என்று நினைக்கிறேன்.

#3 மிச்சிகன்மாறன்

செவர்லே பற்றி நான் சொல்கிறேன். டெட்ராய்ட் பக்கம் இருப்பதால் இந்த வண்டிகளை அடிக்கடி அருகில் பார்க்க முடிகிறது.

செவர்லேயின் முதல் காரே ஆறு சிலிண்டர்தான். 1911-இல் லூயி செவர்லே வடிவமைத்த கிளாசிக் சிக்ஸ், 4.9 லிட்டர், விலை 2,000 டாலருக்கு மேல். ஃபோர்டு மாடல் டி அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தது. முதலாளி டியூரண்டுக்கு மலிவுக் கார் வேண்டும், லூயிக்கு உயர்ந்த கார் வேண்டும். லூயி வெளியேறினார். கம்பெனி நாலு சிலிண்டருக்கு மாறியது.

அப்புறம் 1929. நாலு சிலிண்டர் விலைக்கே ஆறு சிலிண்டர் என்று விளம்பரம் செய்து 3.2 லிட்டர் இன்ஜினை இறக்கினார்கள். அதுவும் ஓவர்ஹெட் வால்வு, அதாவது வால்வுகள் சிலிண்டருக்கு மேலே. போட்டியாளர்கள் பெரும்பாலும் பக்கவாட்டு வால்வு வைத்திருந்த காலம் அது. பிஸ்டன்கூட வார்ப்பிரும்புதான். ஃபோர்டு அப்போதுதான் மாடல் ஏ-வை நாலு சிலிண்டரோடு இறக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. 1931-இல் செவர்லே விற்பனையில் முந்திவிட்டது. ஹென்றி ஃபோர்டு 1932-இல் மலிவு வி-8 கொண்டு வந்ததற்கு இந்த அழுத்தம் முக்கியக் காரணம். வி-8 ரசிகர்கள் கொண்டாடும் அந்த இன்ஜினைப் பிறக்க வைத்ததே ஒரு ஆறு சிலிண்டர்தான் என்பேன்.

#4 லேத்பட்டறை

எல்லாரும் நல்லதையே சொல்கிறீர்கள். நான் கழற்றிப் பார்த்தவன், உள்ளே இருக்கிறதையும் சொல்ல வேண்டும்.

1937-இல் வந்த செவர்லே 216-ஐ (எண் கியூபிக் இன்ச்சில் இன்ஜின் அளவு) எடுத்துக்கொள்ளுங்கள். 3.5 லிட்டர், 85 குதிரைத்திறன். நல்ல இன்ஜின்தான். ஆனால் கனெக்டிங் ராடு பேரிங்குக்கு முழு அழுத்தத்தில் ஆயில் போகாது. ராடின் அடியில் சின்னக் கரண்டி மாதிரி ஒரு நீட்டல் இருக்கும். அது சம்ப்பில், அதாவது அடித்தொட்டியில், இருக்கும் ஆயிலை அள்ளிக்கொண்டு சுற்றும். பேரிங் தனியாக மாட்டுகிற ஷெல் கிடையாது. பேபிட் என்ற மென்மையான உலோகத்தை ராடிலேயே ஊற்றி, லேத்தில் கடைந்து எடுக்க வேண்டும். தேய்ந்தால் ராடுக்கும் மூடிக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தகட்டை ஒன்றொன்றாக உருவி இறுக்குவோம்.

கிராமத்துச் சாலையில் 40, 45 மைல் வேகத்தில் போகிற வரைக்கும் இந்த ஏற்பாடு காலத்துக்கும் உழைக்கும். விடாமல் நெடுஞ்சாலையில் 65 மைலில் மிதித்தால் ராடு பேரிங் தட்ட ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகும் ஓட்டினால் பிளாக்கில் ஓட்டைதான்.

கிரைஸ்லர்காரர்கள் இந்த விஷயத்தில் பல வருடம் முன்னால் இருந்தார்கள். செவர்லே கார்களில் முழு அழுத்த ஆயில் 1953-இல்தான் வந்தது, அதுவும் பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் வாங்கியவர்களுக்கு. 1954-இல்தான் எல்லாருக்கும். அந்த 235 இன்ஜின் அருமை. 216 இருந்த வண்டியில் பிற்கால 235-ஐத் தூக்கிப் போட்டவர்கள் ஏராளம். அசல் இன்ஜின்தான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லாதவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன்.

#5 கிராங்க்கேஸ்

லேத்பட்டறை ஐயா சொன்ன கிரைஸ்லர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

1924-இல் வால்டர் கிரைஸ்லர் தன் பெயரில் விட்ட முதல் கார். செடர், ஸ்கெல்டன், பிரீர் என்ற மூன்று பொறியாளர்கள் உருவாக்கியது. 3.3 லிட்டர், 68 குதிரைத்திறன், கிராங்க்கைத் தாங்க 7 மெயின் பேரிங். ஆறு சிலிண்டருக்கு 7 பேரிங் என்றால் ஒவ்வொரு ராடுக்கும் இரண்டு பக்கமும் தாங்கல். அதே காலத்துப் பல இன்ஜின்களில் 3 அல்லது 4 தான். கூடவே ஏர் ஃபில்டர், ஆயில் ஃபில்டர், நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக். நடுத்தர விலைக் காரில் இவை எல்லாம் சேர்ந்து வந்தது அன்றைக்கு அதிசயம். முதல் வருடமே 30,000-க்கு மேல் விற்றது.

இதன் பின்னால் வந்த கிரைஸ்லர் குழுமத்து ஃப்ளாட்ஹெட் (பக்கவாட்டு வால்வு) ஆறு சிலிண்டர்களின் ஆயுள் இன்னும் வியப்பு. பிளிமத் கார்களில் 1959 வரை, டாட்ஜ் பவர் வேகன் டிரக்கில் 1960-களின் இறுதி வரை. இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளுக்கு அவசரமாக இன்ஜின் தேவைப்பட்டபோது, கிரைஸ்லர் 5 ஆறு சிலிண்டர் கார் இன்ஜின்களை ஒரே மையத்தைச் சுற்றி நட்சத்திரம் போலப் பொருத்தி, 30 சிலிண்டரில் ஒரு இன்ஜின் செய்தது! 5 கிராங்க், நடுவில் ஒரே கியர். ஷெர்மன் டாங்கியின் எம்4ஏ4 வகையில் ஓடியது அதுதான். ஏற்கெனவே லட்சக்கணக்கில் செய்து பழகிய பாகங்கள் என்பதால்தான் அப்படி ஒரு யோசனை எடுபட்டது.

#6 இளவேனில்

எல்லாப் பதிவையும் படித்து வருகிறேன், நன்றி. ஒரு கேள்வி. ஃப்ளாட்ஹெட் என்றால் வால்வு பிளாக்கின் பக்கத்தில் இருக்கும், அதனால் மூச்சு சரியாக விடாது என்று படித்தேன். அப்படியென்றால் ஃப்ளாட்ஹெட் ஆறு சிலிண்டரை வைத்துக்கொண்டு ஹட்சன் ஹார்னெட் கார் எப்படி வி-8 கார்களைப் பந்தயத்தில் ஜெயித்தது?

#7 லேத்பட்டறை

நல்ல கேள்வி கண்ணு. முதல் பாதிக்கு நான் பதில் சொல்கிறேன், மிச்சத்தை மாறன் தம்பி சொல்லட்டும்.

நீ படித்தது சரி. ஃப்ளாட்ஹெட்டில் காற்று கீழிருந்து மேலே வந்து, திரும்பி, சிலிண்டருக்குள் இறங்க வேண்டும். எரிகிற அறை பக்கவாட்டில் வால்வு வரை நீண்டுபோவதால் கம்ப்ரெஷனையும் ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது. ஆனால் கீழ் வேகத்தில் இழுவை குறையாது. இன்ஜின் பெரியதாக இருந்தால் அந்த இழுவையே பல வேலையை முடித்துவிடும். சிலிண்டர் ஹெட் என்பது வெறும் மூடி, அதில் அசையும் பாகமே கிடையாது. கழற்றிப் பூட்ட ஒரு மணி நேரம் போதும்.

#8 மிச்சிகன்மாறன்

ஐயா சொன்ன ‘பெரிய இன்ஜின்’ என்பதுதான் ஹட்சனின் வழி. 1951 ஹார்னெட்டில் 308 கியூபிக் இன்ச், அதாவது 5 லிட்டர், 145 குதிரைத்திறன். அந்த நேரத்தில் எல்லாரும் பயந்த ஓல்ட்ஸ்மொபில் ராக்கெட் வி-8 கிட்டத்தட்ட அதே அளவுதான், 135 குதிரைத்திறன். பிளாக் வார்ப்பில் குரோமியம் கலந்திருந்ததால் தேய்மானமும் குறைவு.

பாதி வெற்றி இன்ஜினில் இல்லை, இளவேனில். ஹட்சனின் தரை, சட்டத்துக்கு மேல் இல்லாமல் சட்டங்களுக்கு நடுவே தாழ்ந்து இருக்கும். காருக்குள் ஒரு படி இறங்கித்தான் உட்கார வேண்டும். எடை முழுக்கக் கீழே. வளைவில் மற்ற கார்கள் சாய்ந்து வேகத்தைக் குறைக்கும்போது ஹட்சன் குறைக்காமல் போகும். அப்புறம் இரண்டு கார்புரேட்டர் கொண்ட ட்வின்-எச் வந்தது, பந்தயத்துக்கென்றே 7-எக்ஸ் பாகங்கள் வந்தன. 1952 நாஸ்கார் (அமெரிக்கக் கார் பந்தயத் தொடர்) பருவத்தில் 34 பந்தயங்களில் 27 ஹட்சனுக்கு. அந்த வருடப் பட்டம் டிம் ஃப்ளாக்குக்கு, அடுத்த வருடம் ஹெர்ப் தாமஸுக்கு. இருவரும் ஹட்சனில்.

வருத்தமான விஷயம், ஜெயித்தும் கம்பெனி பிழைக்கவில்லை. புதிதாக வி-8 செய்யவோ, உடலமைப்பை மாற்றவோ ஹட்சனிடம் பணம் இல்லை. 1954-இல் நாஷோடு இணைந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆனது. அந்த நாஷும் சும்மா இல்லை. 1952 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இரண்டு மெர்சிடிஸுக்குப் பின்னால் மூன்றாவதாக வந்தது நாஷ்-ஹீலி, நாஷின் ஆறு சிலிண்டரோடு.

#9 ப்ளூஃப்ளேம்

கார்வெட்டை யாரும் தொடவில்லையே? 1953-இல் முதல் கார்வெட், 300 கார் மட்டும், எல்லாமே வெள்ளை. உள்ளே அதே செவர்லே 235. கம்ப்ரெஷன் ஏற்றி, வால்வுகளைத் திறக்கும் கேமை மாற்றி, பக்கவாட்டில் மூன்று கார்ட்டர் கார்புரேட்டர் வைத்து 150 குதிரைத்திறன் எடுத்தார்கள். அந்தக் காரைப் பற்றி எழுதுகிற பலர், ஆறு சிலிண்டர் போட்டதால் தோற்றது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்தக் காரைக் கெடுத்தது இரண்டே கியர் கொண்ட பவர்கிளைடு. மேனுவல் கியர் கொடுத்திருந்தால் பேச்சே வேறு.

#10 கிராங்க்கேஸ்

ப்ளூஃப்ளேம், பாதிதான் ஒத்துக்கொள்வேன். 1955-இல் வந்த 265 வி-8, கார்வெட்டில் 195 குதிரைத்திறன் கொடுத்தது, எடையும் ஆறு சிலிண்டரை விடக் குறைவு. 235 ஒரு டிரக் இன்ஜினாக 1941-இல் தொடங்கிய வடிவம். நீண்ட ஸ்ட்ரோக், நாலு மெயின் பேரிங். மேனுவல் கியர் இருந்தாலும் 5,000-க்கு மேல் சந்தோஷமாகச் சுற்றும் ஜாதி அல்ல அது. குடும்பக் காருக்கு மிகச் சரியான இன்ஜின், ஸ்போர்ட்ஸ் காருக்கு அல்ல.

#11 ப்ளூஃப்ளேம்

ஜாகுவார் அதே காலத்தில் ஆறு சிலிண்டரோடுதான் லெ மான் ஜெயித்தது. ஆறு சிலிண்டர் என்பது குறை இல்லை, இந்தக் குறிப்பிட்ட இன்ஜின் பழையது என்று சொல்லுங்கள், ஏற்கிறேன்.

#12 சாய்ந்தகோபுரம்

என் பெயரைப் பார்த்தாலே எந்த இன்ஜினுக்கு வந்திருக்கிறேன் என்று தெரியும். என்னிடம் இருப்பது 1964 டாட்ஜ் டார்ட், 225 ஸ்லான்ட் சிக்ஸ், அதாவது சாய்த்து வைத்த ஆறு சிலிண்டர்.

1960 மாடல் ஆண்டு முக்கியமானது. மூன்று பெரிய கம்பெனிகளும் ஒரே நேரத்தில் சின்னக் கார் விட்டன, மூன்றும் ஆறு சிலிண்டர். செவர்லே கார்வேர், பின்பக்கத்தில் காற்றால் குளிரும் அலுமினிய ஃப்ளாட் சிக்ஸ். ஃபோர்டு ஃபால்கன், 2.4 லிட்டர், மெல்லிய வார்ப்பில் செய்த எளிய இன்ஜின். கிரைஸ்லரின் வேலியன்ட், ஸ்லான்ட் சிக்ஸ்.

இன்ஜினை 30 டிகிரி சாய்த்ததால் பானட் தாழ்ந்தது. தண்ணீர் பம்பை முன்னால் வைக்காமல் பக்கத்தில் வைக்க முடிந்ததால் நீளமும் குறைந்தது. மூன்றாவது லாபம்தான் எனக்குப் பிடித்தது. சாய்ந்த பக்கத்தில் கிடைத்த இடத்தில் நீளமான, ஏறக்குறைய சம அளவுள்ள இன்டேக் குழாய்களை, அதாவது காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே போகும் குழாய்களை, வைத்தார்கள். ஃபால்கனில் இன்டேக் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்த்த ஒரு கட்டை. மலிவு, ஆனால் ஓரத்துச் சிலிண்டர்களுக்குக் கலவை சரியாகப் போகாது, மாற்றவும் முடியாது. ஸ்லான்ட் சிக்ஸுக்கு அந்தக் குறை இல்லை. 1960 ஜனவரியில் டேடோனாவில் நடந்த சின்னக் கார் பந்தயத்தில் ஹைப்பர் பேக் என்ற பந்தயப் பாகங்கள் போட்ட வேலியன்ட்கள் முதல் 7 இடங்களையும் எடுத்தன.

முதலில் அலுமினிய பிளாக்கை மனதில் வைத்து வரைந்த வடிவம் இது. அலுமினியத்துக்குப் பலம் போதாது என்று தடிமனாக, ஆழமாக வரைந்தார்கள். அதையே இரும்பில் வார்த்தபோது தேவைக்கு மேல் பலம் வந்துவிட்டது. நாலே மெயின் பேரிங் இருந்தும் இது சாகாமல் ஓடுவதற்கு அது ஒரு காரணம். அலுமினிய பிளாக்கும் 1961 முதல் 1963 வரை உண்மையிலேயே வந்தது. இரும்பு பிளாக் கார்களில் 1983 வரை, டிரக்கில் 1987 வரை.

#13 லேத்பட்டறை

இந்த வண்டிகள் நம் நாட்டுக்கும் வந்தவைதான். செவர்லேயின் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இலேயே பம்பாய் சிவ்ரியில் செவர்லேக்களைப் பூட்டத் தொடங்கியது. குர்லாவில் பிரீமியர் கம்பெனி டாட்ஜ், பிளிமத் வண்டிகளைப் பூட்டியது, எல்லாம் கிராங்க்கேஸ் சொன்ன அந்த ஃப்ளாட்ஹெட் சிக்ஸ். இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூட்பேக்கர் சாம்பியனைப் பூட்டியது, அதுவும் ஆறு சிலிண்டர். பெட்ரோல் விலை ஏற ஏற, நம் ஆட்கள் பலர் அந்த இன்ஜினை இறக்கிவிட்டு பெர்கின்ஸ் டீசல் ஏற்றிவிட்டார்கள். இன்றைக்கு அசல் இன்ஜினோடு ஒரு டாட்ஜ் கிங்ஸ்வே கிடைத்தால் விடாதீர்கள்.

#14 மிச்சிகன்மாறன்

யாரும் கவனிக்காத இரண்டைச் சொல்லிவிடுகிறேன். 1966 பான்டியாக் ஓவர்ஹெட் கேம் ஆறு சிலிண்டர், அதாவது கேம் சிலிண்டர் ஹெட்டிலேயே இருக்கும். கேமை ஓட்டியது செயின் அல்ல, கண்ணாடி இழை கலந்த ரப்பர் பெல்ட். அமெரிக்காவில் பெருமளவில் செய்த காருக்கு அது முதல் முறை. 3.8 லிட்டர் ஸ்பிரின்ட் வகையில் 207 குதிரைத்திறன். பான்டியாக் தலைவர் ஜான் டிலோரியனுக்கு ஐரோப்பியக் கார் போல ஒன்று வேண்டும் என்று ஆசை. வாங்குகிறவர்களோ கொஞ்சம் காசு சேர்த்து வி-8 வாங்கினார்கள். 1969-ஓடு நின்றது.

அடுத்தது ஜீப்பின் டொர்னேடோ, 1960-களின் தொடக்கத்தில் வந்த ஓவர்ஹெட் கேம் சிக்ஸ். அமெரிக்காவில் சில வருடங்களே ஓடியது. அர்ஜென்டினாவுக்குப் போய் அங்கே டொரினோ காரின் இன்ஜினாக வாழ்ந்தது. 1969-இல் நூர்பர்க்ரிங்கில் 84 மணி நேர ஓட்டத்துக்கு மூன்று டொரினோக்களைக் கொண்டுபோனார்கள், குழுவை நடத்தியவர்களில் பந்தய வீரர் ஹுவான் மானுவல் ஃபாஞ்சியோவும் ஒருவர். அதிகச் சுற்று ஓடியது ஒரு டொரினோதான். அபராதத்தால் நாலாவது இடம்.

#15 கிராங்க்கேஸ்

வி-6 கதையும் வேண்டும். 1962-இல் பியூக் ஸ்பெஷலில் வந்த 3.2 லிட்டர், அமெரிக்கக் காரில் பெருமளவில் வந்த முதல் வி-6. வி-8 செய்யும் இயந்திரங்களிலேயே செய்யலாம் என்று 90 டிகிரி கோணத்தை வைத்துக்கொண்டார்கள். ஆறு சிலிண்டருக்கு அது சரியான கோணம் இல்லை, எனவே வெடிப்பு சீராக வராது, நிற்கும்போது வண்டி நடுங்கும். 1967-இல் இன்ஜினையும் இயந்திரங்களையும் ஜீப் கம்பெனிக்கே விற்றுவிட்டார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. சின்ன இன்ஜின் இல்லாமல் தவித்த ஜெனரல் மோட்டார்ஸ், 1974-இல் அதே இயந்திரங்களைத் திரும்ப வாங்கி மிச்சிகனில் உள்ள ஃப்ளின்டுக்குக் கொண்டு வந்தது! 1977-இல் கிராங்க் பின்களைப் பிளந்து அமைத்து வெடிப்பைச் சீராக்கினார்கள். அந்த வம்சத்தில் வந்ததுதான் டர்போ போட்ட 1987 பியூக் ஜிஎன்எக்ஸ், 276 குதிரைத்திறன், 547 கார். அதே வருடத்து வி-8 கார்வெட் 240.

குறுக்காக இன்ஜின் வைக்கும் முன்சக்கர இழுப்புக் கார்கள் பெருகியதும் நீளமான இன்லைன் சிக்ஸுக்கு இடமே இல்லாமல் போனது. வி-6 வென்றது ஓட்டத்தின் இனிமையால் அல்ல, நீளத்தால்.

#16 நெடுஞ்சாலைராஜா

இத்தனை விஷயம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. விட்டுப்போன இரண்டைச் சேர்க்கிறேன். ஃபோர்டு 300, அதாவது 4.9 லிட்டர். 1965 முதல் 1996 வரை டிரக்குகளில். 7 மெயின் பேரிங், டைமிங்குக்குச் செயின் இல்லாமல் நேரடிக் கியர். செயின் தளர்ந்து போகும் கவலையே இல்லை. அமெரிக்கன் மோட்டார்ஸ் 1964-இல் தொடங்கிய ஆறு சிலிண்டர், ஜீப்பில் 4.0 ஆகி 2006 வரை வந்தது. ஃபால்கன் சிக்ஸின் வழிவந்த இன்ஜின்கள் ஆஸ்திரேலியாவில் 2016 வரை ஓடின. இப்போது ஜீப் வேகனீரில் 3 லிட்டர் இரட்டை டர்போ இன்லைன் சிக்ஸ் வந்திருக்கிறது, வி-8 இருந்த இடத்தில். யார் யாருக்கு மாற்று என்பது இன்னும் முடிந்த விஷயம் அல்ல.

#17 இளவேனில்

சாய்ந்தகோபுரம் அண்ணா, நான் இப்போது ஒஹாயோவில் படிக்கிறேன். பக்கத்து ஊரில் 1967 வேலியன்ட் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது, 225 இன்ஜின். பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

#18 சாய்ந்தகோபுரம்

முதலில் துருவைப் பார், இளவேனில். ஒஹாயோவில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு போடுவார்கள். இன்ஜின் நூறு வருடம் ஓடும், தரைத் தகடு ஓடாது. ஸ்பிரிங் வேலை செய்யும் முன் டார்ஷன் பார்கள் பூட்டும் இடத்தை டார்ச் அடித்துப் பார்.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல். டிக் டிக் என்று சத்தம் வந்தால் பயப்படாதே. அந்த வருட ஸ்லான்ட் சிக்ஸில் டப்பெட்டை (வால்வு இடைவெளியை) கையால்தான் சரிசெய்ய வேண்டும், கொஞ்சம் சத்தம் இயல்பு. சூடான பிறகு இன்டேக்குக்கு 10, எக்சாஸ்டுக்கு 20, அங்குலத்தின் ஆயிரத்தில். சத்தமே இல்லாமல் இருந்தால்தான் கவலை, இடைவெளி இறுகி வால்வு எரிந்துகொண்டிருக்கலாம்.

எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் இருக்கிறதா பார். சூட்டில் அது விரிந்து நகர வேண்டும், அதற்காகத் தனி வாஷர்கள் உண்டு. யாராவது சாதாரண வாஷர் போட்டு முழு பலத்தில் இறுக்கியிருந்தால் நிச்சயம் வெடித்திருக்கும். மாற்று மேனிஃபோல்டு கிடைக்கும், ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேள். போவதற்கு முன்னால் படங்களை இங்கே போடு, நாங்களும் பார்த்துச் சொல்கிறோம்.